செசிலி சாகவிடாத ஏரோது

மணலடித்துறைக் குடிலில் இருந்த மண் ஏரோதுவுக்கு 2005-ம் வருஷம் தவக்காலத்தில் தாடி முளைத்தது. அதுவரை அவனுக்கு மீசை மட்டும்தான் உண்டு. அதுவும் சிஜோ என்கிற பயல் களிமண்ணை உருட்டி ஒட்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தது. தாடி பெயிண்ட் இல்லை. தேங்காய்ச் சகிரி மாதிரி முரடாக, நாடிக்கு நடுவில் நரைத்து வந்தது. முதலில் பார்த்தவர் கோயிலைக் கூட்டித் துடைத்து மணியடிக்கிற கோயில்பிள்ளை. பூஞ்சை பிடித்திருக்கிறது என்று ஈரத்துணி வைத்துத் துடைத்தார், போகவில்லை. பிடித்து இழுத்தார், வரவில்லை. சாமியாரிடம் போய்ச் சொன்னார். சாமியார் வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார், நிவாரண அரிசி இறக்க லாரி வந்திருக்கிறது என்று போய்விட்டார். அந்த வருஷம் எல்லோருக்கும் அப்படித்தான். தாடியைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இல்லை.

ஏரோது வந்த கதை இது. கன்னியாகுமரி ஜில்லாவில் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டாத சந்திப்பு கிடையாது. குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடின ஏரோது ராசாவின் அரண்மனை இல்லாத குடிலுக்குப் பரிசும் கிடையாது. மணலடித்துறையில் இருந்த பழைய ஏரோதுவை 2004-ல் எடுத்துப் பார்த்தபோது தலை இல்லை. சவூதியில் பெயிண்டராக இருந்துவிட்டு வந்த சிஜோ, குளத்து மண்ணில் முழங்கை உயரத்துக்குப் புது ஏரோது செய்தான். ராசா முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. டீக்கடையில் பரோட்டா பொதிந்து தந்த பேப்பரில் ஒரு ராசா முகம் இருந்தது. குவைத்தைப் பிடித்து, பிறகு அமெரிக்காக்காரனிடம் நாட்டைப் பறிகொடுத்து, ஒரு குழிக்குள் ஒளிந்திருந்து அகப்பட்ட ஈராக் அதிபரின் முகம். அதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டான். பேர் சொல்லாமலே ஊருக்கு ஆளைத் தெரிந்தது. மீசைக்காரன் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்த கொஞ்ச நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய, வந்து படம் பிடித்தவர்கள் அதைவிட நிறைய, சொன்னபடி செய்தவர்கள் கொஞ்சம். அதை விடுவோம். கடல் குடிலில் இருந்த மாதாவையும் சூசையப்பரையும் குழந்தை இயேசுவையும் மூன்று ராசாக்களையும் ஆடுமாடுகளையும் கொண்டு போனது. சுடாத பச்சை மண்ணில் செய்த மீசைக்காரன் மட்டும் கரையாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தான். ஏன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு பேர்கள் இருந்தன.

ஊரில் அந்த முகத்தை மறக்க முடியாதவர்கள் இரண்டு பேர். ஒருவன் ததேயுஸ். குவைத்தில் லாரி ஓட்டினவன். 1990-ல் மீசைக்காரனுடைய பட்டாளம் உள்ளே வந்தபோது வருஷக்கணக்காகச் சம்பாதித்ததையெல்லாம் போட்டுவிட்டு உடுத்திருந்த சாரத்தோடு பாலைவனம் கடந்து, ஏதோ ஒரு நாட்டில் கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறி பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்து, பிறகு வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கினவன். இன்னொருத்தி செசிலி. அவள் மாப்பிள்ளை பனியடிமை அதே குவைத்தில் லாஞ்சில் மீன்பிடிக்கப் போனவன். படகு ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பட்டாளத்துக்காரர்கள் அவனை ஒரு வண்டியில் ஏற்றியதை ததேயுஸ் கண்ணால் பார்த்தான். வண்டி வடக்கே போனது. அதற்குப் பிறகு பனியடிமையை யாரும் பார்க்கவில்லை. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. டில்லிக்கு எழுதினாள், விசாரித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. அந்த விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கும். அப்போது மகள் லிஜாவுக்குப் பல் முளைத்திருக்கவில்லை.

ஊர் கொஞ்ச வருஷம் பொறுத்தது. பிறகு அதன் வேலையைக் காட்டியது. நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று செத்தவர்கள் பேரையெல்லாம் சாமியார் வாசித்து மந்திரிப்பார். ஒரு வருஷம் அதில் பனியடிமையின் பேரும் வந்தது. யார் கொடுத்தார்களோ தெரியாது, நல்ல எண்ணத்தில் கொடுத்திருப்பார்கள். ஊரில் பாதிக் கெடுதல் அப்படித்தான் நடக்கிறது. செசிலி கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று, "சாமி, அந்தப் பேரை எடும். எடுத்துட்டு மேல வாசியும்" என்றாள். சாமியார் விழித்தார். அவள் உட்காரவில்லை. எடுத்த பிறகுதான் உட்கார்ந்தாள். அவள் வெள்ளை உடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பனையோலைக் கடவத்தில் மீன் ஏற்றி வேன் பிடித்து நெய்யூர்ப் பக்கம் வீடுவீடாக விற்றாள். ஊரில் யார் துக்கம் விசாரிப்பது போலப் பேசினாலும், என்ன மீன் வேண்டும் என்று கேட்பாள்.

தாடி முளைத்த மீசைக்காரனை இளைஞர் மன்றத்தில் கொண்டு வைத்தார்கள். அங்கே டிவி இருந்தது. தூரத்தில் அந்த நாட்டில் அசல் ஆள்மேல் வழக்கு விசாரணை தொடங்கினது முதல் இவனும் மாற ஆரம்பித்தான். அங்கே அவன் நீதிபதியைப் பார்த்து விரலை ஆட்டிக் கத்தின அன்று, இங்கே முழங்காலில் கிடந்த மண் விரல் மேலே எழும்பி நின்றது. அங்கே பட்டினி கிடந்தபோது இங்கே கன்னம் ஒட்டியது. தாடி நெஞ்சுவரை வந்தால் சிஜோ தன் ரேசரிலேயே வழித்து விடுவான். செய்தவனுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா என்பான். பார்க்க வந்தவர்கள் கொஞ்ச நாள் ஆச்சரியப்பட்டார்கள். பிறகு அவன் தலைக்கு மேலே இருந்த ஆணியில் சட்டை மாட்ட ஆரம்பித்தார்கள்.

2006 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. ஊர் இரண்டாகப் போனது. ஞானையனின் டீக்கடையில் அந்த மாதம் டீ ஆறிப்போன அளவுக்கு எப்போதும் ஆறினதில்லை.

"ஒருத்தன்தாம்லே உலகத்துல அமெரிக்காக்காரனுக்க மூஞ்சிக்கு நேரே விரல நீட்டினவன்" என்றான் சிஜோ.

"நீட்டினான், நீட்டினான். நான் ஒத்த சாரத்தோட வெயில்ல நடக்கும்பம் அந்த விரலு எங்க இருந்துது மக்கா?" என்றான் ததேயுஸ்.

"அதுக்கு ஆளத் தூக்கில போடணுமாக்கும்?"

"பின்னே முத்தம் குடுக்கணுமா? நீ குடு. நீதானே டெய்லி ஷேவ் பண்ணி விடுகே!"

கோட்டாற்றில் துணி எடுக்கப் போனவர்கள் அங்கேயும் இதே சண்டை என்று வந்து சொன்னார்கள். கட்சிக்காரர்கள் சந்திப்புக்குச் சந்திப்பு மைக் கட்டினார்கள். ஒரு கட்சி அவனைத் தியாகி என்றது, ஒரு கட்சி கொலைகாரன் என்றது, இரண்டு கட்சிக்கும் மைக் செட் ஒரே ஆளுடையதுதான். பேப்பர்காரன் நாளுக்கு ஒன்று எழுதினான். எதையும் நம்பும்படி இல்லை. ததேயுஸ் மட்டும் சொன்னதையே சொன்னான்: அங்கே அவனைத் தூக்கும் அன்றைக்கு இங்கேயும் இவனைத் தூக்க வேண்டும், கோயில் மைதானத்து வாதாமரத்தில், ஊர் பார்க்க. ஊர்க்கூட்டம் கூடியது. கமிட்டித் தலைவர் செல்வதாஸ் மீசைக்காரனை மேசைமேல் கொண்டு வைக்கச் சொன்னார். குற்றவாளி இல்லாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். சாமியார் எழுந்து, உயிரை எடுக்க மனுஷனுக்கு அதிகாரம் கிடையாது, திருச்சபை அதைத்தான் சொல்லுகிறது என்றார்.

"மண்ணுதானே சாமி, இதுல ஏது உயிரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உயிரு இல்லாததுக்கு எதுக்குடே தாடி?" என்றது இன்னொன்று. கூட்டம் சிரித்தது. மேசைமேல் இருந்தவன் சிரிக்கவில்லை.

செசிலி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்தாள், சேலையில் செதில் ஒட்டியிருந்தது. "வாயுள்ளவனெல்லாம் பேசியாச்சா? இனி நான் பேசட்டா? எனக்க மாப்பிளை எங்க இருக்காருன்னு இந்தக் கூட்டத்துல ஒருத்தன் சொல்லட்டும். சொல்லிட்டா இவன நானே தொங்க விடுகேன். கயிறும் நானே கொண்டு வாறேன்."

செசிலி வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"தெரியாது, இல்லியா? தெரிஞ்சவன் ஒருத்தன்தான் உண்டு. அவனுக்க பட்டாளம், அவனுக்க வண்டி. இவனயும் கொன்னுட்டா பிறவு நான் யாருட்ட போய்க் கேக்க? உங்ககிட்டயா?"

ததேயுஸ் இறங்கின குரலில், "மயினி, அவன் லட்சக்கணக்கில கொன்னவன். பனியடிமை அண்ணன அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றான்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லட்டு. வாயத் துறந்து சொல்லட்டு. அதுக்கு முன்ன இவன் சாகப்பிடாது."

கை தூக்கச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் கை தூக்குகிற வழக்கம் கிடையாது. செசிலி இரண்டு கையையும் தூக்கினாள். கணக்கில் எடுக்கவில்லை. தூக்குவது என்று முடிவானது. சிஜோ கோபித்துக்கொண்டு வெளியே போனான். ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தபோது குடிலுக்கு வேறு ஏரோது இல்லாததால், தண்டனை விதிக்கப்பட்டவனையே வழித்துத் துடைத்து அரண்மனையில் உட்கார வைத்தார்கள். அவனும் உட்கார்ந்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், இன்றோ நாளையோ தூக்கு என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை காலையில் ததேயுஸ் வள்ளத்துப் புதுக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். பின்னால் ஊர் வந்தது. அரண்மனையில் நாற்காலி மட்டும் இருந்தது. ஆள் இல்லை. சிஜோதான் ஒளித்துவிட்டான் என்று அவன் வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினார்கள்; அவன் அம்மா வந்தவர்களைத் துடைப்பத்தோடு அனுப்பி வைத்தாள். அந்த நேரம் மீசைக்காரன் செசிலியின் கடவத்தில், ஒரு கூறு சாளைக்கு அடியில், நெய்யூர் வேனில் போய்க்கொண்டிருந்தான்.

நெய்யூரில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற முத்துக்கனி கடவத்தைத் துழாவிக்கொண்டே, "ஏட்டி செசிலி, இதென்ன மீனு? தாடி இருக்கு?" என்று கேட்டாள்.

"அது விக்கிய மீனில்ல. சாளையப் பாரு."

"முழிக்குதுல்லா!"

"முழிக்கட்டு. அதுக்குத்தான் கொண்டு நடக்கேன்."

உள்ளே டிவியில் காலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முத்துக்கனி சாளையை எண்ணிச் சட்டியில் போடும்போது, தூக்கில் போட்டாயிற்று என்று சொன்னார்கள். அங்கே அவர்களுடைய பெருநாள் அன்றைக்கே போட்டார்கள் என்றும் சொன்னார்கள். செசிலி மீனை ஒதுக்கிப் பார்த்தாள். மீசைக்காரனின் கண் மூடியிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு வெடிப்பு, கயிறு அழுத்தின மாதிரி ஓடியது. தலை ஒரு பக்கம் சாயப் போனது. அவள் அதை ஒரு கையால் தாங்கி, மீன்வாடையோடு மறுகையால் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். "ஏலே, கண்ணத் துற. அங்க உனக்க தீர்ப்பு முடிஞ்சிருக்கும். இஞ்ச முடியல்ல. எனக்குப் பதில் சொல்லாம நீ எங்கலே போற?" முத்துக்கனி சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போடத் தெரியாமல் கும்பிட்டாள். மீசைக்காரன் கண்ணைத் திறந்தான். கொஞ்சம் குழைத்த களிமண் கேட்டு வாங்கிச் செசிலி கழுத்து வெடிப்பை அடைத்தாள். மிச்ச மீனையும் விற்றுவிட்டுத்தான் திரும்பினாள்.

வேன் வந்து நின்றபோது சந்திப்பில் ஊரே நின்றது. அவள் கடவத்தை இறக்கவில்லை, தலையில் வைத்தபடியே நடந்தாள். ததேயுஸ் கயிற்றோடு குறுக்கே வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மயினி, இறக்கும். உமக்க மாப்பிளைக்கு வேண்டித்தான் நான் இந்தக் கயிறு எடுத்தேன்."

"எனக்க மாப்பிளைக்கு நீ கயிறு எடுக்கண்டாம் ததேயுசு. அவரு செத்தாருன்னு உனக்கு யாரு சொன்னது?"

ததேயுஸ் கயிற்றை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

"நீங்க எல்லாரும் இவனத் தொங்க விட்டுட்டு, கணக்குத் தீந்துதுன்னு வீட்டுக்குப் போய்ச் சோறு திம்பீங்க. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அவருக்க பேரையும் வாசிப்பீங்க. அது நடக்காது. இவன் இருக்கியது வரைக்கும் கேள்வி இருக்கு. கேள்வி இருக்கியது வரைக்கும் அவரு இருக்காரு. வழி விடு."

ததேயுஸ் விலகவில்லை. அவள் நின்றாள். கடவத்திலிருந்து மீன்தண்ணி அவள் நெற்றியில் வடிந்தது, துடைக்கவில்லை. கடைசியில் அவன் கயிறு வைத்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. செசிலி அவனைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அவன் நகர்ந்து வழி விட்ட பிறகுதான் நேரே போனாள். ஊர்க்கூட்டத்தின் முடிவு இப்படி மீறப்பட்டது. அபராதம் போடலாமா என்று செல்வதாஸ் கேட்டுப் பார்த்தார். கேட்டு வாங்கிவர ஒருவனும் முன்வரவில்லை.

அன்று முதல் மீசைக்காரன் செசிலி வீட்டில், மாதா படத்துக்கு எதிர்ச் சுவரில், ஒரு ஸ்டூலில் இருந்தான். காலையில் கடற்கரைக்கு மீன் எடுக்கப் போகும் முன் அவன் முன்னால் நின்று, "ஏலே, பனியடிமை எங்கலே?" என்று கேட்பாள். சத்தம் போட மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பாள். பதில் வராது. கடவத்தை எடுப்பாள். அவன் முகம் வருஷத்துக்கு வருஷம் வயதானது. தாடி முழுக்க வெளுத்தது. 2008 வாக்கில் அவனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. கடலே வந்து கரைக்காதவன் இப்போது ஈரத்தைக் கண்டால் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தான். காலையில் பார்த்தால் ஸ்டூல் வாசலுக்கு ஒரு சாண் நகர்ந்திருக்கும். ஓடு ஒழுகினால் தலை சரியாக அந்தச் சொட்டுக்கு நேரே இருக்கும். கரைந்து போக நினைத்தான். தூக்கில் செத்தவன் இங்கேயும் செத்துத் தொலைந்தால் நிம்மதி என்று கண்டுபிடித்துவிட்டான். செசிலி அவனை ஸ்டூலோடு சேர்த்துக் கட்டிப் போட்டாள், ஓடு மாற்றினாள், சொட்டில் பள்ளம் விழுந்த உச்சந்தலையைக் குளத்து மண் பூசி நிரவினாள். சாவு உனக்குச் சலுகை, அது இப்போதைக்குக் கிடையாது என்று அவனிடமே சொன்னாள்.

லிஜாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அழைப்பிதழில் அப்பா பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதுதான் முறை என்றார்கள். லிஜா அம்மாவைக் கேட்கவே இல்லை. "எங்க வீட்டுல அப்பா வரல்ல, அவ்வளவுதான். அது பிடிக்காதுன்னா பொண்ணு வேற வீட்டுல பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். பனியடிமை என்று மட்டும் அச்சடித்தார்கள். கல்யாணத்து அன்று மீசைக்காரனையும் பந்தலில் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். சோறு வைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் மணமக்களுக்கு மொய் கொடுத்துவிட்டு அவன் பக்கம் குனிந்து, பனியடிமை எங்கலே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். யார் முதலில் கேட்டது என்று தெரியாது. அதற்குப் பிறகு ஊரில் அது வழக்கமாகிவிட்டது. செசிலி வீட்டு வழியே போகிறவர்கள் ஜன்னலில் எட்டி ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கேட்டன, கரண்ட் பில் எழுத வருகிறவன் கேட்டான், மாற்றலாகி வந்த புதுச் சாமியார் யாரும் சொல்லாமலே கேட்டார். கிறிஸ்துமஸுக்கு மன்றத்துப் பையன்கள் ஏரோதுவாக வைக்க இரவல் வாங்கிப் போவார்கள்; கூரை ஒழுகாது என்று சிஜோ தன் பேரில் உறுதி சொன்னால்தான் செசிலி கொடுப்பாள், மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்த மறுநாளே திரும்ப வாங்கிக்கொள்வாள்.

ததேயுஸ் ரொம்ப நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஒரு ஐப்பசியில் காற்றுமழையில் செசிலி வீட்டு ஓடு பறந்தது. அவள் சந்தையில் இருந்தாள். ததேயுஸ் தன் வள்ளத்து இஞ்சினை மூடியிருந்த தார்ப்பாயைக் கழற்றிக்கொண்டு ஓடினான். மீசைக்காரன் மழைக்கு முகத்தை ஏந்திக் கண்ணை மூடி இருந்தான். மூக்கு ஏற்கெனவே கரைந்திருந்தது. ததேயுஸ் தார்ப்பாயைப் போட்டு, அவனை இடுப்பில் இடுக்கி, கோயில் முகப்புக்குக் கொண்டு போனான். இஞ்சின் நனைந்து அந்த வாரம் அவன் தொழிலுக்குப் போகவில்லை. செசிலி வந்தபோது, "மயினி, மூக்கு மட்டும் போச்சு. வாய் இருக்கு" என்றான். "வாய் போதும்" என்றாள் அவள்.

இப்போது ததேயுஸுக்கு முட்டு வலி, கடலுக்குப் போவதில்லை. 2014-ம் வருஷக் கல்லறைத் திருநாள் அன்றும் மழை. கல்லறைத் தோட்டத்தில் குடைகளுக்கு அடியில் ஊர் நின்றது. சாமியார் செத்தவர்கள் பேரை வாசித்தார். கடல் கொண்டுபோனவர்களையும் மற்றவர்களையும் ஒருவர் விடாமல் வாசித்தார். பனியடிமையின் பேர் அதில் இல்லை. செசிலி குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாதியில் ததேயுஸ் மழையைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற செசிலியைப் பார்த்தான், குடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் நடந்தான். மீசைக்காரன் ஸ்டூலோடு வாசல்படி வரைக்கும் வந்திருந்தான். ததேயுஸ் அவனை உள்ளே தூக்கி வைத்து, ஈரம் துடைத்து, அன்றைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக எதிரே உட்கார்ந்தான்.